தூங்கும் கணினியில் ஒரு தாமரை

ஷெதோவ்,
மார்ச் 3

அன்புள்ள திங்-பாங்,

நலம். உங்கள் நலத்தைக் கேட்டால் சின்ச்சூ காற்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை.

வழக்கம்போலப் பட்டறைக் கணினியின் வட்டு இத்துடன் வருகிறது. மூலைக்கடைப் பெண் பார்சலை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்காரருக்கு அடிக்கடி என்னதான் அனுப்புறீங்க அக்கா, காதல் கடிதமா?" என்றாள். "ஆமா, காலுறை நாத்தம் அடிக்கிற காதல்" என்றேன். சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை அவசரம். கடல் தெய்வம் மாட்ஸு அம்மனின் பல்லக்கோடு ஊர் ஊராக நடக்கும் பக்தர் சங்கத்துக்குக் காலுறை. கணுக்காலில் தாமரை. பல்லக்கு புறப்படுவதற்குள் கொடுக்க வேண்டும். இதுவும் கைவிட்டுப் போனால் காலுறைப் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். "அப்பவே விக்கச் சொன்னேனே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பழைய கணினி செத்தபோது அதை முழுசாக ஒரே கோப்பாக்கிப் புதுக் கணினிக்குள் குடிவைத்தவர் நீங்கள். பின்னல் இயந்திரங்கள் அந்தப் பழையதின் பேச்சை மட்டும்தான் கேட்கின்றன. அதற்குள் ஒரு பூ வடிவத்தை வைப்பதற்கும் நீங்கள், வெளியே எடுப்பதற்கும் நீங்கள். என் பிழைப்பு இப்படி மூன்று நாள் தூரத்தில் கிடக்கிறது. சீக்கிரம் அனுப்புங்கள்.

பீ-லியென்

*

சின்ச்சூ,
மார்ச் 5

அன்புள்ள பீ-லியென்,

தாமரையை உள்ளே வைத்துவிட்டேன். போன மாத வடிவங்களை வெளியே எடுத்துத் தனியாகப் போட்டிருக்கிறேன்.

மறுபடியும் உள்ளே இருக்கும் பழைய கணினியை அணைக்காமல் தூங்க வைத்தபடியே அனுப்பியிருக்கிறாய். எத்தனை தடவை சொல்வது? தூங்கும் கணினிக்குத் தன் வட்டில் எது எங்கே இருந்தது என்று நினைவிருக்கும். அதற்குத் தெரியாமல் நாம் ஒன்றை உள்ளே வைத்தால், விழித்ததும் பழைய நினைவிலேயே எழுதத் தொடங்கும். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாய்க் குழம்பிவிடும். நான் எழுப்பி, முறையாக அணைத்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

கணினி ஒழுங்காக ஓட வேண்டுமென்று அதன் மேல் வைத்திருக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலத்தின் தேதி பார்த்தாயா? காலாவதியான தின்பண்டத்தை வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். சிரிக்காதே, இங்கே பெரிய பெரிய பொறியாளர்களே தேதி பார்த்துத்தான் மாற்றுகிறார்கள்.

முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் கடிதங்கள் வரவரச் சின்னதாகின்றன.

திங்-பாங்

*

ஷெதோவ்,
மார்ச் 19

திங்-பாங்,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

சங்கத்துக்காரர்கள் தாமரையைப் பெரிதாக்கச் சொன்னார்கள். அதுவும் உடனே வேண்டுமாம். உங்களுக்கு அனுப்பி வாங்க நேரமில்லை. என் அண்ணன் மகள் ரூ-யின், பட்டறைக் கணக்கு பார்ப்பவள், "இதுக்கா அத்தை மூணு நாள் காத்துக் கிடக்கீங்க? இணையத்துல வழி போட்டிருக்கான், நான் வைக்கிறேன்" என்றாள். வைத்தாள். நான் முந்தின நாள் தூங்க வைத்ததை அணைக்கவில்லை, அவளிடம் சொல்லவும் இல்லை. எழுப்பியதும் தாமரையும் இல்லை, எதுவும் இல்லை. பன்னிரண்டு வருட வடிவங்கள். திறந்தால் வெறும் குப்பை. ரூ-யின் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். இயந்திரங்கள் நிற்கின்றன.

அணைக்காதது என் தப்பு. அதற்காக உங்களைத் திட்டவில்லை.

பக்கத்து ஊர் யுவான்லினில் கணினி பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்கார அம்மாள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செஞ்சு வச்சவரு நல்லாத் தெரிஞ்ச ஆளு. ரெண்டு பக்கமும் கோப்பு போய் வர ஒரு பொதுக் கோப்புறைகூட போட்டிருக்காரு. அது இருந்தா வட்டைத் தொடவே வேணாம். அப்புறம் ஏம்மா அதை வேணும்னே அடைச்சு வச்சிருக்காரு?"

அடைத்த தேதியையும் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனீர்களே, அதே வாரம்.

ஏன்?

பீ-லியென்

*

சின்ச்சூ,
மார்ச் 20

பீ-லியென்,

ஒவ்வொரு முறை வட்டு வந்ததும் முதல் வேலையாக முழுப் பிரதி எடுத்துவிடுவேன். மார்ச் ஐந்தாம் தேதிப் பிரதி இத்துடன் இருக்கிறது. அதற்குப் பிறகு செய்தவை போய்விட்டன, மற்றதெல்லாம் பத்திரம். பொதுக் கோப்புறையையும் திறந்துவிட்டேன். பெரிய தாமரையை அதில் போட்டால் நேராக உள்ளே போய்விடும். இனி நான் தேவையில்லை.

ஏன் என்று கேட்டாய். வட்டு இல்லாவிட்டால் நீ எழுதமாட்டாய் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

இதைத் தபாலில் விடாமல் நானே ரயிலேறிக் கொண்டுவருகிறேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்தால் உள்ளே வருவேன். வராவிட்டால் ரூ-யின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அவளை அழ வேண்டாம் என்று சொல்.

திங்-பாங்

*

ஷெதோவ்,
ஏப்ரல் 22

அன்புள்ள திங்-பாங்,

காலுறைகள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தன. பல்லக்கு எங்கள் பக்கம் வந்தபோது ரோட்டோரம் நின்று எல்லார் காலையும்தான் பார்த்தேன். தூசியும் வியர்வையுமாய் எத்தனை தாமரைகள்! அழுதுவிட்டேன். பிறகு எல்லாரோடும் ரோட்டில் குப்புறப் படுத்து, அம்மன் அருளுக்காகப் பல்லக்கு என் மேலே கடந்து போகட்டும் என்று கிடந்தேன். அம்மனிடம் என்ன கேட்டேன் என்பதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

பட்டறை பிழைத்துக்கொண்டது, உங்கள் பிரதியால். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் நீங்கள் போன முதல் வருடம் நான் எழுதியதெல்லாம் வட்டுக்காகத்தான் என்றா நினைத்தீர்கள்? வட்டில் ஒன்றும் மாற்ற வேண்டியிராத வாரங்களிலும் ஏதாவது ஒரு பூவைக் கிறுக்கி அனுப்பியிருக்கிறேன். இதை உள்ளே வையுங்கள் என்று. உங்கள் கையெழுத்தில் நாலு வரி வருமே என்று. வழியைத் திறந்து வைத்திருந்தால் அப்போதும் எழுதியிருப்பேன். நீங்கள் அடைத்துவைத்ததால், எழுத ஆசையா, எழுதியாக வேண்டுமா என்று கடைசியில் எனக்கே தெரியாமல் போயிற்று.

மூன்று வருடமாக நம் கல்யாணத்தையும் நாம் அணைக்கவில்லை. தூங்க வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஆளுக்கொன்றாய் உள்ளே வைத்துக்கொண்டிருந்தோம். அதை இனி எழுப்ப எனக்குத் துணிவில்லை.

வியாழக்கிழமை ஷெதோவ் பதிவு அலுவலகத்துக்கு உங்கள் பெயர் முத்திரையோடு வாருங்கள். சாட்சிக் கையெழுத்துகள் வாங்கிவிட்டேன். இரண்டு பேரும் நேரில் வந்தால்தான் விவாகரத்து எழுதுவார்களாம்.

இந்தப் பார்சலில் வட்டு இல்லை. உங்கள் அளவில் ஒரு ஜோடி காலுறை இருக்கிறது. சின்ச்சூவில் குளிர் இன்னும் போகவில்லை என்று செய்தியில் பார்த்தேன்.

அன்றைக்கு நீங்கள் வாசல் வரை வந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவைத் தாழிடவில்லை. வியாழக்கிழமையாவது உள்ளே வாருங்கள்.

பீ-லியென்