பிடிச்சிருச்சு

ஜூலை 3

மெக்கானிக் அவர்களுக்கு,

நலம்தானே? மூன்று வருடமாகப் பேசாதவள் காரியத்துக்காகத்தான் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் தத்துவத் துறையை மூடப்போகிறார்கள். படிக்க ஆளில்லையாம். நான் விடுவதாக இல்லை. காலையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர், மதியம் தத்துவ நூல் வாசிப்பு, இரண்டும் சேர்த்து ஒரே வகுப்பு என்று அறிவித்தேன். பதினாறு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் முதல்வர், "ஷெட்ல கிடக்கிற பழைய வண்டி ஆகஸ்ட் கடைசிக்குள்ள ஓடணும். ஓடலைன்னா துறைக்குப் பூட்டுதான்" என்கிறார். சொல்லிக்கொடுக்க வந்த மெக்கானிக் புத்தகக் கட்டைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் ஓட்டம் பிடித்தார்.

எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான். வருவீர்களா?

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி

ஜூலை 6

டீச்சரம்மாவுக்கு,

மெக்கானிக் என்று எழுத உனக்குக் கை வந்துவிட்டதே! உன் கல்லூரி விழாவில் என் நகத்தில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "இவர் ஆட்டோமொபைல் துறையில இருக்கார்" என்று எல்லோரிடமும் சொன்னாய். நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்து எழுதியிருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்.

பதினாறு பிள்ளைகளுக்காக வருகிறேன், உனக்காக இல்லை. எட்டு மணிக்கு வருவேன், பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடுவேன். நீ இரண்டு மணிக்கு வா. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி டூல் பெட்டியின் மேல்தட்டில் வை.

மெக்கானிக்

ஜூலை 18

டூல் பெட்டிக்காரருக்கு,

நேற்று நீங்கள் வைத்த துண்டுச் சீட்டு என் மானத்தை வாங்கிவிட்டது. "நல்லா பிடிச்சிருச்சு" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு பிடித்துவிட்டது என்று உச்சி குளிர்ந்து, நேராக முதல்வரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "மேடம், இன்ஜின் பிடிச்சிருச்சுன்னு எழுதியிருக்கார். உள்ள பிஸ்டன் துருவேறி நகர மாட்டேங்குதுன்னு அர்த்தம்!"

அப்படியென்றால் கதை முடிந்ததா? எத்தனை மிதி மிதித்தால் நகரும்? சொல்லுங்கள், நானே மிதிக்கிறேன்.

மதியம் நெட்டை (நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவளுக்கும் அதில் பெருமைதான்) ஒரு கேள்வி கேட்டாள்: "சரியாயிடுச்சுன்னு யார் மிஸ் சொல்லணும்? ரிப்பேர் பண்றவரா, ஓட்டுறவரா?" ஒன்றரை மணி நேரம் சண்டை. எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களைக் கேட்கலாம் என்று தோன்றியது.

டீச்சரம்மா

ஜூலை 19

டீச்சரம்மாவுக்கு,

ஐயோ, மிதித்துத் தொலைக்காதே! கிக்கர்தான் உடையும். உனக்கு எதையும் அன்றைக்கே முடித்தாக வேண்டும். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எண்ணெய் விட்டிருக்கிறோம். ஊறட்டும். அப்புறம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுவோம். அசையாவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி ஆட்டம். எத்தனை நாளானாலும் சரி, நானும் விடுவதாக இல்லை.

நெட்டையின் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியவில்லை. நீ ஷெட்டில் விட்டுப்போன புத்தகத்தில் இருக்குமோ என்று பதினோரு பக்கம் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் கிரீஸ் பட்டுவிட்டது. திட்டாதே.

மெக்கானிக்

ஆகஸ்ட் 22

என் மெக்கானிக்குக்கு,

"அசைஞ்சிருச்சு" என்ற சீட்டைப் பார்த்து, பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். பன்னிரண்டாம் பக்கத்தை நான் துடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல்வரும் தாளாளரும் வருகிறார்கள். நீங்கள் கூட நிற்கமாட்டீர்களாம். "சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன்னாரு மிஸ்" என்றாள் நெட்டை. ஏனென்று எனக்குத் தெரியும். அவர்கள் முன்னால் உங்களை நான் என்னவென்று சொல்வேனோ என்றுதானே?

அன்றைக்கு நான் வெட்கப்பட்டது உண்மை. தப்பு என்னுடையது. அதை ஒத்துக்கொள்ளாமல் மூன்று வருடம் மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நீங்கள் நிற்காவிட்டாலும் வண்டி ஓடும், ஓட்டிக்காட்டுவோம். ஆனாலும் நில்லுங்கள்.

டீச்சரம்மா

ஆகஸ்ட் 29

டீச்சரம்மாவுக்கு,

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் நேற்று வந்தேன். தாளாளர் என்னைக் காட்டி, "இவர் யாரு?" என்று கேட்டார். தெருவுக்கே கேட்கிற மாதிரி நீ சொன்னாய்: "என் வீட்டுக்காரர். மெக்கானிக்." அப்புறம் எங்கே போவது? கால் நகரவில்லை.

ஏழாவது மிதியில் வண்டி கிளம்பியது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. துறைக்கு இன்னும் ஒரு வருடம் என்று முதல்வரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வருடம் போதும், மீதியை நாம் பார்த்துக்கொள்வோம்.

நெட்டையிடம் சொல்: ரிப்பேர் பண்றவன் சொல்லக் கூடாது. ஓட்டுகிறவர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். அதுவரைக்கும் மெக்கானிக் அங்கேயே நிற்க வேண்டும்.

இன்றைக்குப் பன்னிரண்டுக்கு நான் கிளம்பவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கையை இன்னும் கழுவவில்லை. நீ பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து ஆரம்பி.

நல்லா பிடிச்சிருச்சு. இந்தச் சீட்டை நீ முதல்வரிடம் காட்டலாம்.

உன் வீட்டுக்காரன்,
மெக்கானிக்