இடது பக்கத்துக் கம்பம்

மே 3

மூன்று நாளாக நல்ல வெயில். எங்கள் நிலத்தில் விதைப்பு நடக்கிறது. விதைப்பது நாங்கள் இல்லை. குத்தகைக்கு எடுத்த பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டர் எத்தனை சுற்று போகிறது என்று என் கணவன் ஓரெஸ்ட் சமையலறை சன்னலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். "கோணலா போறான் பாரு" என்றான். நேராகத்தான் போனது.

சனவரியில் அவனுக்கு வந்த பக்கவாதம் கையையும் காலையும் விட்டுவைத்தது. பார்வையில் இடது பாதியை மட்டும் கொண்டுபோய்விட்டது. தட்டில் வலது பாதியைக் காலி செய்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பான். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். வண்டி ஓட்டும் உரிமத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

இன்று பிக்கப் டிரக்கை விற்றுவிடலாம் என்று ஆரம்பித்தான்.

"யாரும் ஓட்டாத வண்டி எதுக்கு?"

"நான் ஓட்டறேனே. நான் யாருமில்லையா?"

"நீ கடைக்கு ஓட்டுவ."

அறுவடைக்கு அறுவடை இவனுக்காகக் கோதுமை லாரி ஓட்டியவள் நான். பாத்திரம் கழுவினேன். கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

மே 14, சனி

விதைக்கு உருளைக்கிழங்கு வாங்கப் பக்கத்து ஊர் கனோரா வரை போனேன். உருளைக்கிழங்கு வாங்கவில்லை. டிரெய்லர் வாங்கிவிட்டேன்.

பதினாறு அடி. வெள்ளை, நடுவில் பழுப்புக் கோடு. எங்கள் மூத்தவளைவிட ஒரு வயது மூப்பு. உள்ளே படுக்கை, இரட்டை அடுப்பு, மடக்கு மேசை, கைக்குட்டை அளவுக்கு ஒரு அலமாரி. சாலையோரம் நிறுத்தி 'விற்பனைக்கு' என்று எழுதி வைத்திருந்தார் வீப் என்று ஒரு பெரியவர். "கூரை ஒரு சொட்டு ஒழுகாதும்மா. என் சம்சாரத்துக்கு முழங்கால் போச்சு, அதான் குடுக்கறேன்" என்றார். அந்தம்மா வாசலில் நின்று டிரெய்லரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று நினைக்கிறேன்.

டிரக்கில் மாட்டி வீடுவரை இழுத்து வந்தேன். முன்னால் போவது யாருக்கும் வரும். முற்றத்தில் பின்னால் தள்ளி நிறுத்தப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லாரி மாதிரி இல்லை. நான் ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகிறது. கொட்டகை வாசலை அடைத்தபடி குறுக்கே விட்டுவிட்டு இறங்கினேன்.

ஓரெஸ்ட் சன்னலைத் திறந்து, "அதை எதுக்கு அங்க நட்டு வெச்சிருக்க?" என்றான்.

"நாம ஏரிக்குப் போறோம்."

"நான் வரல. பக்கத்து சீட்டுல மூட்டை மாதிரி உக்காந்துகிட்டு நான் எங்கயும் வரல."

கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தோம். இங்கே செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்குள் ஒரு பயணம். ஒன்றே ஒன்று. சரிப்படவில்லை என்றால் டிரெய்லர், டிரக் இரண்டையும் விற்றுவிட்டு நகரத்து அடுக்குமாடிக்குப் போய்விடுவது. ஒத்துக்கொண்டுவிட்டேன். அந்த அடுக்குமாடியில் இவன் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டான். எனக்குத் தெரியும்.

மே 15

பாதித் தட்டு சாப்பிட்டான். நான் திருப்பி வைக்கவில்லை.

பிறகு திருப்பி வைத்தேன்.

ஜூன் 4

நேற்று இரவெல்லாம் மழை. காலையில் டிரெய்லர் படுக்கையில் ஒரு குட்டை. ஒரு சொட்டு ஒழுகாதாம்! வீப் பெரியவரே, நன்றாயிருங்கள்.

குளியலறைக்கு வாங்கி மிச்சமிருந்த சிலிக்கான் குழாயை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். கூரை ஓரத்தில் பாதி பூசியிருப்பேன், பின்னால் கதவு சாத்தும் சத்தம். சனவரிக்குப் பிறகு இவன் தானாக முற்றத்துக்கு வந்தது இன்றைக்குத்தான்.

"இறங்கு. இறங்குன்னு சொல்றேன்ல! குளியலறை சிலிக்கானை யாராவது இதுக்குப் பூசுவாங்களா? ஒரு குளிர்காலம் வந்தா உரிஞ்சு வந்துரும். அப்புறம் அதைச் சுரண்டறதுக்குள்ள உன் ஆயுசு முடிஞ்சுரும்."

"அப்ப நீ பண்ணு."

"எனக்குத்தான் கண்ணு தெரியலையே!"

"சுரண்டறதுக்குக் கண்ணு எதுக்கு? கை இருக்குல்ல?"

அவன் என்னை முறைத்தான். பிறகு சுரண்டியை வாங்கிக்கொண்டான்.

ஜூன் 19

பின்புற இடது மூலையில் சுவரை விரலால் அழுத்திக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. உள்ளே மரம் ஊறவைத்த ரொட்டி மாதிரி இருக்கிறது. நான் அழாத குறை. அவனுக்கோ ஒரே உற்சாகம். "இதோ, இங்கயும் போச்சு! இதுவும் போச்சு!" என்று புதையல் கிடைத்தவன் போலக் கத்துகிறான்.

அடுப்புக்குள் ஒரு எலிக் குடும்பம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 30

மூலை புது மரம் ஆகிவிட்டது. நான் அறுத்தேன், அவன் தடவிப் பார்த்துப் பொருத்தினான். கூரை ஓரம் முழுக்க தார் போல ஒட்டும் சாம்பல் நிற நாடா. தோட்டத்துக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் இருவரும் உள்ளே உட்கார்ந்து காத்திருந்தோம். ஒழுகவில்லை. அந்த மடக்கு மேசையில் காப்பி குடித்தோம். சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படி எழுதுவது?

ஜூலை 9

பின்னால் தள்ளும் பயிற்சி. முற்றத்தில் எட்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்து ஓர் இடம் அமைத்தோம்.

"ஸ்டீயரிங்குக்கு அடியில கையை வை. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ கையை அந்தப் பக்கம் தள்ளு. அவ்வளவுதான், வெர்னா. யோசிக்காத. நீ யோசிச்சாதான் கெட்டுது."

அவன் பின்னால் நின்று வலது கையால் சைகை காட்டினான். பழைய சைகைகள்தான். தானியம் கொட்டும் குழாயடியில் லாரியைக் கொண்டுவந்து நிறுத்த முப்பது வருடம் காட்டியவை. சுழற்றினால் வா. முஷ்டி என்றால் நில். இயந்திர இரைச்சலில் பேச்சு கேட்காது. கையை மட்டும் பார்ப்பேன். வேறெதைப் பார்த்தாலும் திட்டு விழும்.

இடது ஓரத்து வாளி மட்டும் இரண்டு தடவை நசுங்கியது. என் தப்பு என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி

கோபர்ன் ஏரி. எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் வேகம் கூட்டியதும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தது. டிரக்கையும் சேர்த்து ஆட்டியது. "பிரேக் போடாத, காலை மட்டும் எடு" என்றான். குரலில் பதற்றமே இல்லை. ஓரமாக நிறுத்திய பிறகு கேட்டான்: "பின்னால என்ன வெச்சிருக்க?"

வைத்தது: ஊறுகாய் வெள்ளரி இருபத்திரண்டு பாட்டில், பீட்ரூட் பன்னிரண்டு, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, உறையவைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு பெட்டி. எல்லாம் பின்படுக்கைக்கு அடியில்.

"நாலு நாளைக்கா? வழியில பஞ்சம் வரும்னு யாராவது சொன்னாங்களா?"

பாரம் முன்னால் இருக்க வேண்டுமாம். சாலையோரத்தில் நின்று ஒவ்வொரு பாட்டிலாகச் சக்கரத்துக்கு முன்பக்கம் மாற்றினோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அதற்குப் பிறகு அம்பு போல வந்தது.

முகாமில் எல்லோரும் மடக்கு நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்கள் பின்னால் தள்ளுவதைப் பார்ப்பதுதான் அங்கே மாலை நேர சினிமா. கூடாரம் போட வந்த வருடங்களில் நானும் பார்த்துச் சிரித்தவள்தான். ஓரெஸ்ட் இறங்கிப் பின்னால் போய் நின்றான். சுழற்றினான். வந்தேன். சுழற்றினான். வந்தேன். படார்!

ஓட்டுநர் இருக்கை இருக்கும் இடது பக்கத்தில் குடிநீர்க் குழாய்க் கம்பம். அவனுக்கும் அது இடது பக்கம். அவன் அதைப் பார்க்கவே இல்லை. நான் கண்ணாடியில் பார்த்திருக்கலாம். ஆனால் நான் அவன் கையை மட்டும்தானே பார்த்தேன்! தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நாங்கள் செய்த புது மூலை பிளந்துவிட்டது. நாற்காலிகளில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

முகாம் காவலர், "மாசத்துக்கு நாலு பேர் இடிப்பாங்க, விடுங்க" என்றார். ஓரெஸ்ட் டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"அங்க ஒண்ணுமே இல்ல, வெர்னா. எனக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

 

ஆகஸ்ட் 13

வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். பேரம் பேரம்தான் என்றான்.

ஆகஸ்ட் 20

கூட்டுறவுக் கடைப் பலகையில் ஒட்டுவதற்கு அவனே விளம்பரம் எழுதிக் கொடுத்தான். 'டிரக், டிரெய்லர் விற்பனைக்கு. சேர்த்தோ தனியாகவோ.' எழுத்தெல்லாம் தாளின் வலது பாதியில் நெருக்கியடித்துக் கிடந்தது. கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ரொட்டி வாங்கினேன். பையைத் திறந்து பணம் கொடுத்தேன். தாளை எடுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது வழக்கம்போலத் தட்டைத் திருப்பக் கையை நீட்டினேன்.

"விடு" என்றான்.

இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்தான். தன் விரல்கள் கண்ணில் படும்வரை தலையை மெதுவாக இடது பக்கம் திருப்பினான். பிறகு மிச்சமிருந்த பாதியைச் சாப்பிட்டான்.

"எப்ப இருந்து இப்படி?"

"ஜூலைலருந்து. ஆஸ்பத்திரில ஒரு பொண்ணு சொல்லிக்குடுத்துச்சு. கை இருக்கிற இடத்துல தட்டு முடியுதுன்னு வெச்சுக்கணுமாம். நீதான் முந்திக்கிட்டுத் திருப்பிடறியே."

ஒன்றரை மாதமாக நான் முட்டாள் மாதிரி தட்டைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கை இருக்கிற இடத்தில் முடிகிறது. தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 21

காலையில் கொட்டகையிலிருந்து ஒரு இரும்பு வேலிக்கம்பத்தை எடுத்து முற்றத்தில் அடித்து நட்டேன்.

"என்ன பண்ற?"

"பேரத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இதான் தண்ணிக் குழாய். இடது கையால புடிச்சுக்கோ. விடக் கூடாது. பாக்க வேண்டியதெல்லாம் இப்ப உனக்கு வலது பக்கம்தான் வரும்."

கம்பத்தையும் என்னையும் பார்த்தான். "இப்ப நீ கம்பத்தை இடிச்சா என்னையும்ல இடிப்ப?"

"ஆமா."

"அப்ப இடிக்காத" என்று சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டான்.

இனி நானும் அவன் கையை மட்டும் பார்ப்பதில்லை. கண்ணாடியில் அவனையும் கம்பத்தையும் சேர்த்தே பார்க்கிறேன். பதினெட்டு தடவை தள்ளினோம். கம்பம் நிற்கிறது. ஓரெஸ்டும் நிற்கிறான்.

ஆகஸ்ட் 28

மூலையை மறுபடி கட்டினோம். இரண்டாம் தடவை பாதி நேரம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 3, சனி

அதே ஏரி. அதே நாற்காலிகள். ஓரெஸ்ட் இறங்கி நேரே குழாய்க் கம்பத்தடிக்குப் போய் இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். முதல் தடவை கோணலாக வந்தது. முஷ்டி. முன்னால் போ. மறுபடி.

இரண்டாம் தடவை டிரெய்லர் அவனுக்கு ஒரு முழம் தள்ளி, நேராக வந்து நின்றது. எதிர் வரிசை நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து தொப்பியை உயர்த்தினார். ஓரெஸ்ட் கம்பத்திலிருந்து கையை எடுத்துக் குனிந்து வணங்கினான். கிழவனுக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே!

இந்தத் தடவை ஊறுகாய் ஆறு பாட்டில்தான். முன்னால் வைத்தேன்.

செப்டம்பர் 5

பேரத்தின் கடைசி நாள். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அக்டோபர் 8, சனி

முதல் உறைபனி வந்துவிட்டது. டிரெய்லர் குழாய்கள் வெடிக்காமலிருக்க அவற்றில் குளிர்காலத்துக்கான இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினோம். ஓரெஸ்ட் சிந்தாமல் ஊற்றினான், நான்தான் சிந்தினேன்.

நிலம் இறுகிவிடும் முன்பு முற்றத்துக் கம்பத்தைப் பிடுங்கிவிடலாம் என்று மண்வெட்டியோடு போனேன். பனி தள்ளும்போது தடுக்குமே. இரண்டு வெட்டு வெட்டியிருப்பேன். சன்னல் திறந்தது.

"ஏய், அதை எதுக்குத் தோண்டற? இருக்கட்டும் விடு. மே மாசம் நான் எதைப் புடிச்சுக்கிட்டு நிக்கறது?"

மண்ணை மறுபடி தள்ளிக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு வந்தேன்.