இன்சுலின் செடியும் அப்பாவின் மூக்கும்

அன்புள்ள என் வாயாடி மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பாவும் நலம், அவர் மூக்கு மட்டும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், உட்கார்ந்து படி.

போன தடவை நீ வந்தபோது அப்பா வேலை பார்க்கிற பூங்காவில் நடந்த கூத்தை மறந்திருக்க மாட்டாய். வாழை, இஞ்சி, கல்வாழை என்று குடும்பம் குடும்பமாகப் பாத்தி பிரித்து நட்டு, முப்பது வருஷமாகத் தலைமைத் தோட்டக்காரராக இருக்கிற மனிதரிடம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால், "இன்சுலின் செடி இஞ்சிக் குடும்பம் இல்லப்பா, அதைத் தனியாப் பிரிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இலை சுத்திச் சுத்தி ஏறுது பாருங்க, கசக்கி மோந்தா இஞ்சி வாசனையும் வராது" என்றாய். அவரும் கசக்கினார், மோந்தார், "கமகமன்னு வருது, உனக்குத்தான் மூக்கு இல்ல" என்று ஒரே போடாகப் போட்டார். நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். இரண்டு வருஷமாக நீ போன் செய்தால் என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறார். அப்பனும் மகளும் ஒரே அச்சு, நடுவில் நான் தபால்காரி.

போன வாரம் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறுகிறது, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். எனக்குச் சந்தேகம் தட்டியது. கண்ணை மூடச் சொல்லி, நசுக்கிய இஞ்சியை மூக்கடியில் நீட்டினேன். "என்னடி இது, தண்ணியா?" என்கிறார்! பத்து வருஷமாகவே ஒரு வாசனையும் தெரியாதாம், வெளியே தெரிந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லையாம். மூக்கே இல்லாமல் உன்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறார் மகராசன். வயிறு வலிக்கச் சிரித்தேன், அப்புறம் அழுதுவிட்டேன். மறுநாள் அந்தச் செடியின் இலையைக் கொண்டுவந்து என்னை மோந்து பார்க்கச் சொன்னார். இஞ்சி வாசனை இல்லை என்றேன். நேரே பூங்காவுக்குப் போனவர், ஆள் யாரையும் கூப்பிடாமல் தானே தோண்டி, இஞ்சிக்குப் பக்கத்திலேயே தனிப் பாத்தி போட்டு நட்டுவிட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலம் தேய்ப்பது நான்தான்.

வருகிற மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. நீங்களே அவளைக் கூப்பிடுங்களேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நேற்று தட்டைப் பார்த்தபடியே, "அவ வந்து எல்லாப் பாத்தியையும் ஒரு தடவை மோந்து பாத்துட்டுப் போகட்டும், என் மூக்கை நம்பி எப்படி விட்டுட்டு வர்றது" என்றார். இதற்கு மேல் அந்த மனிதருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது. டிக்கெட்டைப் போடு.

நன்றாகச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் இரு கண்ணே. ஒன்றை மட்டும் மறக்காதே. பூங்காவில் அவர் இலையைக் கசக்கி நீட்டினால், என்ன வாசனை என்று அவர் காதில் மட்டும் சொல்.

இப்படிக்கு,
இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவில்,
உன் அம்மா