கையால் அடித்த எண்

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலிருந்து ஒரே சமன்பாட்டோடு மல்லுக்கட்டு. சங்கின் வளர்ச்சியைக் காட்டும் கோடு கம்ப்யூட்டர் திரையில் ஒழுங்காக வந்துவிட்டது. அதன் மேலேயே சமன்பாட்டைப் பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் எழுதச் சொன்னால்தான் கம்ப்யூட்டருக்கு வலிக்கிறது. சமன்பாட்டுக்கும் நெளிவு அடைப்புக்குறி வேண்டும், கணக்கில் வரும் எண் தானாக வந்து உட்காரவும் அதே குறிதான் வேண்டும். எது எதற்கென்று அதற்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

போய்த் தொலை என்று வளர்ச்சி வேகத்தைக் கையாலேயே அடித்துவிட்டேன். 0.42. என் வழிகாட்டி ஆவுடையப்பன் சார் பார்த்துவிட்டு, "இப்பதான் லட்சணமா இருக்கு" என்றார். ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பிப்ரவரி 11

இனிகோவின் சங்குகுளிப் படகு வந்தது. நான் எண் குறித்துக் கடலில் விட்ட சங்குகளில் முப்பத்தெட்டு கிடைத்திருக்கின்றன. அளவு வளையத்துக்குள் நுழைகிற பொடிச் சங்கை எப்போதும் அங்கேயே கடலில் போட்டுவிடுவார்கள். இந்த முறை கெஞ்சிக் கேட்டதால் அதையும் கொண்டுவந்தான். "அளந்துட்டு உடனே தாங்க மேடம், திரும்ப விடணும்."

புது அளவுகளைச் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓட்டி, படத்தைச் சாருக்கு அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 20

மீன்வளத்துறைக் கூட்டம். சங்கு வேகமாக வளர்ந்தால் ஜூன், ஜூலை மட்டும் குளிக்கத் தடை. மெதுவாக என்றால் ஏப்ரலிலிருந்தே, நான்கு மாதம். சார் திரையில் படத்தைக் காட்டி 0.42 என்று வாசித்தார். அதிகாரிகள் இரண்டு மாதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெளியே இனிகோ டீ வாங்கித் தந்தான். "மே மாசம் சர்ச்சுல மகளுக்குப் புதுநன்மை விழா, செலவு கெடக்கு. தொழில் இருக்கும், பயமில்ல."

பிப்ரவரி 21

கோடும் எண்ணும் ஒட்டவில்லை.

பொடிச் சங்குகள் சேர்ந்ததும் கோடு தாழ்ந்துவிட்டது. நான் கையால் அடித்த எண் அப்படியே நிற்கிறது. அது எப்படி மாறும்? உண்மையான எண் 0.31. அதாவது நான்கு மாதம்.

பிப்ரவரி 22

சொல்லவில்லை.

பிப்ரவரி 23

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. பிறகு ஏன் அந்தப் படத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்? ஏளா உமாராணி, ஒரு குறி எப்படிப் போடணும்னு தேடிப் பாக்கச் சோம்பல்பட்டுட்டு இப்ப முழிக்க பாரு — அந்த டீயை வேற வாங்கிக் குடிச்சிருக்க.

பிப்ரவரி 24

சாரிடம் சொன்னேன். கோட்டையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "எண் தப்புன்னு லெட்டர நீயே டைப் பண்ணு. நான் கையெழுத்துப் போடுதேன்."

இனிகோவுக்கும் நானே போன் செய்தேன். "எங்க சங்க வச்சே எங்களுக்கு வேட்டு வச்சிட்டீங்க" என்று வைத்துவிட்டான். அழுதேன்.

மார்ச் 6

நான்கு மாதம் என்று முடிவாகிவிட்டது. இனிகோ போனை எடுப்பதில்லை.

சமன்பாட்டுக்கான அடைப்புக்குறியை இரட்டையாகப் போட்டால் போதுமாம். இனி எண் கணக்கிலிருந்து தானாக வந்து படத்தில் உட்காரும். திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 29

ஆய்வக வாசலில் ஈரச் சாக்கு. இனிகோ வைத்துவிட்டுப் போனானாம், வாட்ச்மேன் சொன்னார். உள்ளே இருபத்தாறு சங்கு, எல்லாம் நான் எண் குறித்தவை. பெரியதாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தால் எண் ஏறியிருக்கும், அது அவனுக்கும் தெரியும். பாதிக்கு மேல் பொடிதான்.

அளந்து ஓட்டினேன். எண் தானாக மாறியது. 0.29. படத்தை முதலில் அவனுக்குத்தான் அனுப்பினேன்.

பதில் வந்தது: "சாக்க நனைச்சே வைங்க மேடம். காலைல பொடிய கடல்ல விட வாரேன்."