இரண்டு தாள், ஒரே கணக்கு

6-2-1996, செவ்வாய்
கலியமூர்த்தி இன்றோடு ஓய்வு. இனி இரண்டாவது தாளை யார் போடுவது? சலைன் பாட்டிலில் போகும் உப்புகளின் கணக்கை எங்கள் மண்ணூர்பேட்டை கம்பெனியில் இருவர் தனித்தனியாகப் போட வேண்டும், முதுகைக் காட்டி உட்கார்ந்து. விடை ஒத்தால்தான் கலக்கலாம். "நல்ல ஆள் தெரிஞ்சா சொல்லும்மா" என்றார் முதலாளி ரகுநாதன். தெரியும். வாயில் வரவில்லை.

9-2, வெள்ளி
1986-இல் என் பின்னால் உட்கார்ந்தவர் ஷவுகத் அலி பாய். சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு — நாலையும் மனக்கணக்காகவே கூட்டுவார். மொத்தம் முந்நூறையொட்டி வந்தால் ரத்தத்துக்குப் பொருந்தும். முதலில் முடிப்பவர் மேஜையைத் தட்ட வேண்டும். எப்போதும் அவர்தான். என் எலுமிச்சை சாதத்தில் பாதி அவருக்கு, அவர் வீட்டுச் சமோசாவில் பாதி எனக்கு. அப்படிப்பட்ட நாட்கள் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.

10-2
எழுதிவிடுகிறேன். 1986-இல் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று பாய் என் தாளைப் பார்த்தே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நீட்டியது நான்தான். கால்சியம் குளோரைடு புது டப்பா. அந்த உப்பில் நீர் அதிகம், அதனால் எடையைக் கூட்டியிருக்க வேண்டும். நான் லேபிளைப் பார்க்காமல் பழைய எடையையே போட்டேன். கலந்த பிறகு அளந்தால் மொத்தம் 307, பிசகே தெரியவில்லை. கால்சியத்தைத் தனியாகச் சோதித்தபோதுதான் மூன்றில் ஒரு பங்கு குறைவென்று தெரிந்தது. நல்லகாலம், ஒரு பாட்டில்கூட வெளியே போகவில்லை.

எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். "கணக்கு என்னுது சார். இந்தப் பொண்ணு என்னப் பாத்துதான் எழுதிச்சு" என்றார் பாய். அவருக்கு வேலை போனது. நான்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீ.

12-2, திங்கள்
ரகுநாதன் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "பத்து வருஷம் கழிச்சா?" என்றார். அப்புறம், "போய்க் கூப்பிட்டுப் பாரு."

18-2, ஞாயிறு
பூந்தமல்லி. பாய் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாராம். வீட்டில்தான் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த உடு சுசீலாம்மா. நீ தப்பா போட்ட. நான் போடவேயில்ல. எது பெரிய தப்பு?"

அழுதுவிட்டேன். அவர் மனைவி வஹீதுன்னிசா மட்டும் என்னோடு பேசவில்லை. அந்த அம்மாவின் கோபம் நியாயம்தான்.

4-3, திங்கள்
பாய் வேலைக்கு வந்துவிட்டார். முதல் கணக்கே ஒத்துவரவில்லை. பொட்டாசியம் எனக்கு ஐந்து, அவருக்கு நாலு. ரகுநாதன் சார் அவரைத்தான் பார்த்தார். நான் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நாலுதான்.

"தப்பு என்னோடது சார்" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.