டிக் போட்ட புங்கமரம்

ஸ்ரீரங்கம்
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சௌமியாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் இடுப்பு வலி போன மாதத்துக்குத் தேவலை. நீ நலமா என்று தனியாகக் கேட்கவில்லை. முந்தாநாள் போனில் தோஹா ஆஸ்பத்திரி கேன்டீன் சாம்பாரைத் திட்டித் தீர்த்தாயே, அந்தக் குரலில் குறை ஒன்றும் இல்லை.

கடிதம் எழுதுவது எனக்கு வராது. ஆனால் நீதான், "போன்ல கேட்டா எல்லாம் ஓகேன்னு முடிச்சிடுவீங்க. தோட்டத்தையும் பின்னாடி காட்டையும் ஒருதரம் நடந்து பாத்துட்டு எழுதுங்க" என்று பிடிவாதம் பிடித்தாய். எழுதிவிட்டேன். உன் ரூம்மேட் அல்ஷிஃபாவுக்குப் படித்துக் காட்டாதே. ஏற்கெனவே அந்தப் பெண் என்னை 'வெல்டிங் மாப்பிள்ளை' என்று கூப்பிடுகிறதாம்.

முதலில் நிலவரம். தில்லை நகரில் உன் அம்மாவோடு உன் அண்ணன் ஜெய்சங்கர் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டரிடம் போகும்போதெல்லாம் அத்தையை நாற்காலியோடு தூக்கி இறக்குகிறோம். ஆகவே நம் வீட்டில் தரையோடு ஓர் அறை வேண்டும். அதில் நமக்குள் சண்டை இல்லை. நான் போட்ட பிளான்படி அறை பெரியது, கிழக்குத் தோட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நீ வைத்த புங்கை, மாமரம், எலுமிச்சை எல்லாம் அதற்குள் வருகின்றன. அதைக் கட்ட வேண்டும் என்றால் நீ அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்றாய்.

எந்த மரம் போகலாம் என்று குறிக்கும் வேலையையும் என்னிடமே தள்ளிவிட்டாய். "நான் குறிச்சா ஒண்ணைக்கூட வெட்ட விடமாட்டேன். உங்களுக்குத்தான் மரம்னா வெறும் கட்டை. நீங்க பாத்தா நியாயமா இருக்கும்" என்றாய். அது பாராட்டா, திட்டா என்று இன்னும் விளங்கவில்லை.

நேற்று காலை ஃபாக்டரி ஷாப்பில் வெல்டிங்கைச் சோதிக்கப் போகிற மாதிரியே கையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சீக்கிரம் முடித்துவிட்டு டிபன் சாப்பிடுவதாக உத்தேசம்.

புங்கமரத்தடியில் தரையே தெரியவில்லை. வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ, மூட்டை மூட்டையாகப் பொரியைக் கொட்டி வைத்த மாதிரி. செருப்பைக் கழற்றினேன். ஏன் என்று கேட்காதே, மிதிக்க மனசு வரவில்லை. மேலே ஒரே தேனீ இரைச்சல், எங்கள் டிரான்ஸ்பார்மர் அறை மாதிரி. இலையெல்லாம் இப்போதுதான் எண்ணெய் தடவித் துடைத்து மாட்டிய மாதிரி மினுமினுக்கிறது. நிழலுக்குள் ஓர் அடி வைத்ததும் உடம்பு சில்லென்றது. தெர்மாமீட்டர் எடுத்துவந்து உள்ளேயும் வெளியேயும் அளக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

மாமரத்தில் மாவடு பிடித்திருக்கிறது. ஆனால் நான் பார்த்தது அதை அல்ல. கிளை அடிமரத்தோடு சேர்கிற இடத்தை நீ கவனித்திருக்கிறாயா? எங்கே பாரம் அதிகமோ அங்கே தானாகத் தடித்திருக்கிறது, எங்கே வேண்டாமோ அங்கே மெலிந்திருக்கிறது. டிராயிங் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது. இப்படி ஒரு ஜாயின்ட் போடுகிற வெல்டரை நான் இதுவரை பார்த்ததில்லை. கிடைத்தால் கையோடு வேலைக்குச் சேர்த்துவிடுவேன்.

அதைவிட அதிசயம் ஒன்று, உன் தொட்டிக் கத்தரிச் செடியில். கட்டைவிரல் அளவுச் சிட்டு ஒன்று இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்து உள்ளே கூடு வைத்திருக்கிறது. குனிந்து தையலைப் பார்த்தேன். தொடர்ந்து ஓட்டிய தையல் இல்லை. ஒவ்வொன்றும் தனி, ரிவெட் ஆணி அடித்த மாதிரி. ஒன்று அறுந்தாலும் மற்றவை தாங்கும். அந்தச் சின்ன மூளைக்கு இது எப்படித் தெரிந்தது என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும். தாய்க் குருவி என் முகத்துக்கு நேராக வந்து கத்திய கத்தலில் நான்தான் பின்வாங்கினேன்.

டிபனை மறந்துவிட்டேன். பின்பக்கக் கேட்டின் தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. நீ போனபிறகு அதை யாரும் திறக்கவில்லை. ஒரு தட்டுத் தட்டித் திறந்து கொள்ளிடக்கரைக் காட்டுக்குள் போனேன். இத்தனை வருஷம் வாசல் பக்கம் பைக்கை எடுப்பேன், துவாக்குடி ஃபாக்டரிக்கு ஓடுவேன், திரும்புவேன். வீட்டுக்குப் பின்னால் இப்படி ஒன்று இருப்பதாக நீ சொல்லித்தான் கேள்வி.

மருதமரங்கள் வெளுத்த பட்டையோடு, வழவழவென்று, நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமனில் நிற்கின்றன. இலுப்பைப் பூ ராத்திரியே உதிர்ந்து வெண்ணெய் நிறத்தில் மெத்தென்று கிடக்கிறது. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன், நல்ல இனிப்பு. மூங்கில் காற்றில் உரசிக் கிறீச்சிட்டது, பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கேனைத் தேடினேன். கரைமேட்டில் ஏறி நின்றால் தூரத்துப் பாலத்தின் மேல் மஞ்சளாக ஒரு கோடு நகர்கிறது. சமயபுரத்துக்குப் பூத்தட்டு தூக்கிக்கொண்டு நடக்கிற ஜனம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மரம் பூவைக் கொட்டுகிறது, அந்தப் பக்கம் ஊரே பூவைச் சுமந்துகொண்டு போகிறது. பங்குனி என்றால் வெயில், வேர்வை, கரண்ட் கட் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

மலைக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பரக்கத் அலி பாய் நடைப்பயிற்சிக்கு வந்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "நீங்கதான சௌமியாம்மா வீட்டுக்காரர்? உங்களுக்கு நடக்கக்கூடத் தெரியுமா? பைக்குலயே ஒட்டிப் பொறந்தவருன்னுல்ல நெனச்சேன்" என்றார். பிறகு, "அவங்க தெனம் நடந்து நடந்துதான் இங்க ஒரு பாதையே விழுந்துச்சு. இப்ப பாருங்க, புல்லு மூடிருச்சு. எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. டிபன் நேரமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படி.

திரும்பி வந்த உற்சாகத்தில் மரங்களுக்குக் குறி போட்டேன். ஷாப்பில் நல்ல வெல்டுக்கு டிக், பழுதுக்கு வட்டம். அதே கை. புங்கைக்குப் பெரிய டிக், மாமரத்துக்கு டிக், எலுமிச்சைக்கும் டிக். பட்டுப்போன பப்பாளிக்கு மட்டும் வட்டம். உள்ளே போய்க் குளித்துக்கொண்டிருந்தபோது அரிவாள் சத்தம். மரம் வெட்டும் அடைக்கலம், சொன்ன நேரத்துக்கு முன்பே மச்சினன் அம்மாசியோடு வந்து, கேட்டைத் திறந்து, புங்கையில் ஏறிவிட்டார். துண்டோடு ஓடினேன். அதற்குள் வாசல் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளை, பூவும் தேனீயுமாக, கீழே கிடந்தது.

கத்தினேன். அடைக்கலம் அசரவில்லை. "டிக் போட்டிருந்துச்சே சார்! குறி போட்ட மரத்தத்தான் வெட்டுவோம், குறி இல்லாதத தொடமாட்டோம். எங்க தொழில்ல அதான் மொறை" என்றார். எங்கள் தொழிலில் டிக் என்றால் பாஸ் என்றேன். "மரம் என்னா சார் பரீட்சையா எழுதுச்சு, பாஸாவ?" என்று மேலிருந்து அம்மாசி கேட்டான். துண்டோடு நிற்பவன் பேச்சை யார் மதிப்பார்கள்? பப்பாளியை மட்டும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். போகும்போது அடைக்கலம், "கிளைதான சார், ரெண்டு மழைக்குத் தழைச்சிரும். அடிமரம் இரும்பு" என்றார்.

ஒரு கிளை போனது போனதுதான். வெட்டுவாயில் பிசின் கசிகிறது. நீ போனில் அழுதால் என்னால் கேட்க முடியாது, அதனால்தான் முந்திக்கொண்டு எழுத்தில் சொல்கிறேன்.

ஆனால் இதையும் கேள். அந்தக் கிளை விழுந்து கிடந்தது என் கார் ஷெட் தளத்தின் மேல். கார் வாங்கும் முன்பே கான்கிரீட் போட்டு வைத்தேனே, நீ 'கார் இல்லாத கார் ஷெட்' என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, அதேதான். கிளையை இழுத்துப் போட்டுவிட்டு நின்றேன். கிளை மறைத்திருந்த வெளிச்சம் தளத்தில் நேராக விழுந்தது. மூன்று பக்கம் சுவர் எழுப்பினால் போதும், நாலாவது பக்கம் வீடே இருக்கிறது. படி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிரே புங்கை. கட்டில், நாற்காலி, குளியலறை, எல்லாம் அடங்குகிறது. அளந்துவிட்டேன். ஒரு மரமும் போக வேண்டாம். கார்தான் போகும், அதுவும் வராத கார்.

சாயங்காலம் பூவோடு ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு தில்லை நகர் போனேன். அறை யாருக்கோ அவரிடம் இதுவரை நாம் இருவரும் கேட்கவில்லை, கவனித்தாயா? பெரிய அறையின் பிளானையும் ஷெட்டில் எடுத்த அளவையும் காட்டினேன். அத்தை பிளானைப் பார்க்கவே இல்லை. கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இங்க ஜன்னலத் தொறந்தா எதிர்த்த கிளினிக்கோட ஏ.சி. பொட்டிதான் தெரியுது மாப்ள. மூஞ்சில அனல் அடிக்குது. சின்ன ரூமே போதும், இது தெரியட்டும்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "கார் வாங்காத மாப்பிள்ளைன்னு இனிமே யாரும் கேலி பண்ண முடியாது, எடமே இல்லன்னு சொல்லிக்கலாம்" என்றார். இந்த வாய் உனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தச் சின்ன அறையை என் சம்பளத்திலேயே கட்டிவிடலாம். அதற்காக நீ அங்கே இன்னொரு கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. உனக்கு அந்த வேலை பிடித்திருந்தால் போடு, நான் தடுக்க மாட்டேன். அறைக்காக மட்டும் போடாதே. இப்போதைய ஒப்பந்தம் முடிந்து நீ ஆவணியில் வந்தால் பூ இருக்காது, காய்தான் தொங்கும். பரவாயில்லை, அடுத்த பங்குனிக்கு நீ இங்கே இருப்பாய். பின்பக்கத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். பாதையில் புல் மண்டாமல் இனி தினமும் காலையில் நானே ஒரு நடை போய் வருகிறேன்.

கடைசியாக ஒன்று. காட்டில் ஒரு பறவையைப் பார்த்தேன். காக்கை அளவு, செங்கல் நிற முதுகு, உடம்பைவிட நீளமான வால். முதலில் கரகரவென்று கத்தியது, பிறகு அதே தொண்டையில் கிண்ணத்தைத் தட்டிய மாதிரி ஓர் இனிமை. அதன் பேர் உனக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

எழுதி அனுப்பாதே. வந்து சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ரஞ்சித்