மாட்டு இடமா, உன் இடமா?

அம்மா,

இதனால் வானுலகம், பூவுலகம், மயிலாடுதுறை ஆகிய மூவுலகத்தாருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நம் வீட்டுக் கார் இன்று மாலை நாலரை மணிக்குப் பூம்புகார் சாலையில் நின்றுவிட்டது. பதற வேண்டாம். நிற்கச் சொன்னபோது நின்றது. நிற்கச் சொன்ன இடத்திலேயே நின்றது.

என் சட்டையில் இப்போது வீசும் வாசனை உனக்குப் பிடித்திருக்கும். புது பிரேக் பேடு முதல்முறை சூடேறும்போது வருகிற கருகல் நெடி, கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் உன் வைத்தியப் பையின் மருந்து மணம். குளிக்கச் சொல்லி அப்பா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். இதை எழுதி முடித்துவிட்டுத்தான் குளியல்.

மற்ற மாட்டு டாக்டர்கள் பைக்கில் போனார்கள். நீ மட்டும் தரையோடு தரையாகப் போகும் ஒரு சிவப்பு ஸ்போர்ட் செடானை இரண்டாம் கையாக வாங்கிவந்தாய். சீர்காழிப் பக்கம் ஒரு வேகத்தடை பாக்கியில்லாமல் அது வயிற்றைத் தேய்த்தது. ஏன் இத்தனை வேகம் என்று அப்பா கேட்டால், "மாடு கன்னு போட எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்பாய். வா என்றால் மாட்டேன் என்று சொல்லாத மாட்டு டாக்டர் என்று உனக்குப் பட்டம் கொடுத்தது நான்தான். நன்றி சொல்லாமல் வைத்துக்கொண்டாய்.

நான் பத்தாவது படித்தபோது வந்த மாட்டுப் பொங்கல் ஞாபகம் இருக்கிறதா? நீ எழுந்திருப்பதற்குள் அட்டையில் இரண்டு கொம்பு செய்து, நீல வர்ணம் அடித்து, பானெட்டில் ஒட்டினேன். கண்ணாடிக்குக் கண்ணாடி நெட்டி மாலை கட்டினேன். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. திட்டு விழும் என்று மொட்டை மாடியில் பதுங்கியிருந்தேன். நீ வெளியே வந்தாய், சுற்றிவந்து பார்த்தாய், "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டாய். அப்படியே கொம்போடு கிளம்பி வேலைக்கும் போய்விட்டாய். எந்த ஊரிலோ ஒரு பெரியவர் அதற்கும் பொங்கல் ஊட்டப் பார்த்தாராம்.

ஓடுவதில் குறையே இல்லாத வண்டி. நிற்பதில்தான் குறை என்று நீயே சொல்வாய். அதே காரின் உயர்ந்த மாடலில் வருகிற பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர் இரண்டும் வாங்கிவைத்தாய். டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற இடுக்கிக்குக் காலிப்பர் என்று பெயர். பெயரே காலிப்பயல் மாதிரிதான், அது காலியானால் நாமும் காலி. தடுப்பூசி வந்த அட்டைப்பெட்டியை அந்த அளவுக்கு வெட்டி, சக்கரத்துக்குள் அடங்குகிறதா என்று வைத்துப் பார்த்தாய். அடங்கியது. கோடை லீவில் வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாம் என்றாய். கோடை வந்தது. நீ இல்லை.

பெட்டி பீரோவின் அடியிலும் கார் உறைக்குள்ளும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தன. ஓட்டாமல் போட்டால் துருப்பிடிக்கும் என்று பதினைந்து நாளுக்கு முன்னால் அப்பாதான் உறையை எடுத்தார். மொபெட்டிலேயே இரண்டு கையாலும் பிரேக் பிடித்தபடி போகிற மனிதர். பக்கத்தில் நான். குறுவை அறுத்த வயலில் மேய்ந்த வாத்துக் கூட்டம் ஒன்று திடீரென்று ரோட்டில் இறங்கியது. அப்பா மிதித்தார். கார் யோசித்தது. கடைசி வாத்துக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். வாத்துக்காரர் எங்களை முறைத்தபடி வாத்துகளை எண்ணினார். மறுநாளே அப்பா கும்பகோணத்தில் ஒருவரிடம் பேசிவிட்டார். திங்கட்கிழமை அவர் வந்து வண்டியை எடுத்துப் போவதாக ஏற்பாடு.

உன் வண்டி, அம்மா. அதில் வேறு யாரோ ஏறிப் போவதை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது. அதற்கு முன்னால் புது பிரேக்கை நானே மாட்டிக் காட்டுகிறேன் என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாட்டுவியா, மாட்டிக்குவியா?" என்றார். உனக்கும் எனக்கும் மட்டும்தான் சொல்லில் விளையாட வரும் என்று நினைத்திருந்தேன். "நின்னா வச்சிக்கலாம். நிக்கலன்னா குடுத்துடலாம்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

நேற்றுக் காலை ஆரம்பித்தேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கிகளில் உட்காரவைத்தேன். சக்கரத்தைக் கழற்றினேன். கழற்றிய போல்ட்டெல்லாம் வரிசை மாறாமல் இட்லித் தட்டில், குழிக்கு ஒன்று. நாளைய இட்லியில் இரும்புச்சத்து உறுதி. பழைய காலிப்பர் தன் ரப்பர் குழாயில் தொங்கினால் குழாய் கெடும் என்று நீ சொல்லியிருந்ததால், உன் பையிலிருந்த மூக்கணாங்கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். புது டிஸ்க் தாம்பாளம் மாதிரி பளபளத்தது. காலிப்பரில் ஒன்றில் எல் என்றும் இன்னொன்றில் ஆர் என்றும் பொறித்திருந்தது. காருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எல் போட்டதை என் இடது பக்கமும் ஆர் போட்டதை என் வலது பக்கமும் மாட்டினேன். மாட்டு டாக்டர் மகன் மாட்டியது மாட்டியதுதான் என்று பெருமையாக இருந்தது.

அடுத்தது, பிரேக் எண்ணெய்க் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது; காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அப்பா ஓட்டுநர் சீட்டில். நான் சக்கரத்தடியில். மாட்டுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் உன் குழாயைக் காலிப்பரின் திறப்பில் செருகி, மறுமுனையை பாட்டிலுக்குள் விட்டேன். அமுக்குங்க என்பேன், அமுக்குவார். நான் திறப்பேன், எண்ணெய் வரும். மூடுவேன். விடுங்க என்பேன், விடுவார். இப்படியே இன்று மத்தியானம் வரைக்கும். இரண்டு பாட்டில் எண்ணெய் தீர்ந்தது. பெடலோ, புளித்த இட்லி மாவில் கால் வைத்த மாதிரி தரை வரைக்கும் போனது. அப்பா கடிகாரத்தைப் பார்ப்பது கீழே படுத்திருந்த எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கொள்ளிடக்கரைக் கொட்டகையில் வயிறு உப்பிக் கிடந்த அந்தப் பசு! மூட்டை நெல்லைத் தின்றுவிட்டு உப்பிப்போன பசு. உரிமையாளர் போனில் இடப்பக்கம் வீங்குது என்று பதற, "உங்க எடமா, மாட்டு எடமா?" என்று நீ கேட்டாய். நீ போய்ச் சேர்ந்ததும் மாட்டின் இடப்பக்கம், இடுப்பெலும்புக்கு முன்னால், மேலே பார்த்துத் தடித்த ஊசியை இறக்கினாய். சைக்கிள் டியூப் மாதிரி காற்று சீறியது. "காத்து எப்பவும் மேலதான் நிக்கும். கீழ குத்துனா சாணிதான் வரும்" என்றாய். நான் காலிப்பரைப் பார்த்தேன். காற்றுப் போகிற திறப்பு அடியில் இருந்தது. எல் என்பது காரின் இடது. என் இடது அல்ல. இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டியிருந்தேன்!

ஒரு மணி நேரத்தில் இடம் மாற்றினேன். திறப்பு மேலே வந்தது. கடைக்கு ஓடி மூன்றாவது பாட்டில் எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினேன். அப்பா அமுக்கினார். குழாயில் கோலி சோடா மாதிரி குமிழிகள் வந்தன, வந்தன, வந்துகொண்டே இருந்தன, பிறகு நின்றன. பெடல் கருங்கல்லானது. எங்காவது கசிகிறதா என்று ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணி காய்ந்தே இருந்தது.

பூம்புகார் சாலையில் ஆளில்லாத நேர்ரோடு. முதலில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை பிடித்துப் பிடித்துப் பேடைப் பழக்கினோம். பிறகு அப்பா வேகமெடுத்தார். நம் அப்பாதான், நம்பு. மிதித்தார். பெல்ட் என் நெஞ்சைப் பிடித்து இழுத்தது, வண்டி ஆணியடித்த மாதிரி நின்றது. இரண்டு பக்கமும் சம்பா நாற்று அசையாமல் நின்றது. அப்பா ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார். "இன்னொரு தடவ போவமா?" என்றார். ஆறு தடவை போனோம். வீட்டுக்கு வந்ததும் கும்பகோணத்துக்காரருக்குப் போன் செய்து, வண்டி குடுக்கல, மன்னிச்சுக்குங்க என்றார்.

அடுத்த வீட்டு ரியாஸிடமும், டீக்கடையிலும், இரண்டு வகுப்பு வாட்சப் குழுவிலும் இதை என் கண்டுபிடிப்பாகச் சொல்லியாகிவிட்டது. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார், மறுக்கவில்லை.

உன்னிடம் மட்டும் அது செல்லாது. அந்தப் பசுவை நீ குத்தியபோது நான் பார்க்கவே இல்லை, அம்மா. காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, காதில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தேன். அன்று சாப்பிடும்போது நீ அதை விவரமாகச் சொன்னாயாம். நான் எப்போதோ எழுந்து ஓடியிருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாம் என்று முகம் சுளித்துக்கொண்டே ரசம் ஊற்றிய அப்பா, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

இன்று மத்தியானம் எனக்குப் பொறி எதுவும் தட்டவில்லை. இரண்டாவது பாட்டிலும் தீர்ந்தபோது சக்கரத்தடியில் படுத்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன். பெடலில் வைத்த காலை எடுக்காமல் மேலேயிருந்து அப்பாதான் சொன்னார்.

"உங்கம்மா மேலதானடா குத்துவா. நீ ஏன் கீழ தொறந்துக்கிட்டு இருக்க?"

நீ போனதிலிருந்து வீட்டில் அவர் உன்னைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. எல் என்பது யாருடைய இடம் என்று கேட்டுக் கண்டுபிடித்ததும் அவர்தான். நான் செய்ததெல்லாம் போல்ட்டைக் கழற்றியதும் முடுக்கியதும். ரியாஸிடமும் மற்றவர்களிடமும் நாளைக்கு உண்மையைச் சொல்லி, பெருமையை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். "உங்கம்மா" என்று அவர் சொன்னதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.